ஐம்பத்து நாலில் அணைந்தது

வைகாசியில் ரிஃபாத்தின் பெங்களூர் நேர்காணல் பாதியில் அறுந்துபோன பிறகு, தென்காசி வீட்டில் இரண்டு விஷயங்கள் மாறிப்போயிருந்தன.

ஹாலில் மேஜைமேல் கிடந்த லேப்டாப், அவள் பீரோவுக்குள் போனது. வாப்பா கிதிர் முகம்மது தினமும் காலையில் குற்றாலத்துக்கு பஸ் ஏற ஆரம்பித்தார்.

"ஐந்தருவி ரோட்டுல தெரிஞ்ச பையன் பழக்கடை போட்டிருக்கான். சீசன் முடியுற மட்டும் கூட இருந்து பாத்துக்கிடச் சொல்லுதான்" என்றுதான் சொன்னார். சவுதியின் தமாமில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இனி ஓய்வுதான் என்று ஊர் திரும்பிய மனுஷர் எதற்காகப் பழம் விற்கப் போகிறார் என்று உம்மா ஹைருன் பீவி கேட்கவில்லை. ரிஃபாத்தும் கேட்கவில்லை. அவளுக்குக் காரணம் தெரியும்.

அன்று ஊரெல்லாம் பராமரிப்புக்காக மின்தடை. பேட்டரியை நம்பி நேர்காணலில் உட்கார்ந்தவள், மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துவிட்டது. செல்போனைத் தேடியெடுத்து உள்ளே நுழைவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். மறு வாரம் ஒரு வரியில் மின்னஞ்சல் வந்தது. வேலைக்கு ஆள் எடுத்தாகிவிட்டது.

திரை அணைந்த அந்த நிமிஷமே அவள் ஹாலுக்கு வந்து வாப்பாவைப் பார்த்துச் சொன்னாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவள் அதைப் பார்க்கவில்லை.

"ராத்திரி அந்த வாய் பேச முடியாத ஆளுகிட்ட மணிக்கணக்கா பேசி சார்ஜ் பூராத்தையும் தீத்து வச்சிருக்கிய. உங்க பொழுதுபோக்குக்கு என் வேலை போச்சு."

வாப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு அவர் அந்த லேப்டாப்பைத் தொடவே இல்லை.

இதெல்லாம் பழைய கதை. இன்றைக்கு ஆடிச் சாரல் பிடித்துக்கொண்ட ஒரு காலை. மறுபடியும் மின்தடை நாள்.

வேலை கிடைக்காத ரிஃபாத், துபாயில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எப்போதும் சார்ஜரைச் செருகியே வைத்திருப்பாள். மின்தடை என்று தெரிந்ததால் நேற்றே முழுக்க ஏற்றி, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பின்னம் ஒன்றை விளக்கியபடியே திரையின் ஓரத்தைப் பார்த்தாள். ஐம்பத்து நாலு சதவீதம் என்று காட்டியது. பாதிக்கு மேல் இருக்கிறது, வகுப்பு முடிய இது போதும் என்று நினைத்தாள்.

திரை அணைந்தது.

பொத்தானை அழுத்தினாள். ஒன்றுமில்லை. அழுத்திப் பிடித்தாள். ஒரு சிவப்புப் பொட்டு மினுக்கிவிட்டு அதுவும் போய்விட்டது.

வகுப்பு நாளைக்கு என்று செல்போனில் பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்பினாள் ரிஃபாத். நேற்று அதை யாரும் தொடவில்லை. சாவி அவளிடம்தான் இருந்தது. அன்றைக்கு நேர்காணல் திரை முழுக்க விரிந்திருந்ததால் எத்தனை சதவீதம் என்று அவள் பார்க்கவே இல்லை. தீர்ந்துபோய்த்தான் அணைந்தது என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள்.

அடுப்படியில் உம்மா மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"உம்மா, அன்னைக்கு என் இண்டர்வியூவுக்கு முந்தின ராத்திரி வாப்பா பேசி முடிச்சிட்டு லேப்டாப்ப என்ன செஞ்சாவ?"

ஹைருன் பீவி தலையைத் தூக்கவில்லை. "இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்கம்மா."

"என்ன செய்வாவ, சார்ஜுல போட்டாவ. ஒயரு சரியா மாட்டியிருக்கான்னு எங்கிட்ட ரெண்டு தடவ கேட்டாவ. அவியளுக்குத்தான் அந்தச் சின்ன லைட்டு கண்ணுக்குத் தெரியாதே. விடியக்காலம் சுபுஹு தொழ எந்திரிச்சப்ப நான்தான் களத்தி வச்சேன். நெறஞ்சுதான் இருந்துச்சு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்ல வந்தேன். அவியதான் கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாவ." உம்மா கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தாள். "பிள்ளைக்கு வேல போயிட்டு. யாரையாவது ஏசுனாத்தான் அதுக்கு ஆறும். நம்மள ஏசிட்டுப் போட்டும், நீ வாயத் தொறக்காதன்னு சொன்னாவ."

*

ரயில்வே ஸ்டேஷன் போகும் வழியில் வேல்விழியின் லேப்டாப் சர்வீஸ் கடை. பள்ளிக்கூடத்தில் ரிஃபாத்தோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். புருஷனும் அவளுமாகக் கடை நடத்துகிறார்கள். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

வேல்விழி சார்ஜரைச் செருகி லேப்டாப்பை உயிர்ப்பித்தாள். "எப்பவும் சார்ஜரோடயே வச்சிருப்பியா?"

"ஆமா."

"அதான் இப்படித் திடீர்னு அணையுறது இத்தன நாளாத் தெரியல. முழுசா ஏத்தி, முழுசா எறக்கி, மறுபடி ஏத்துனா சில சமயம் அந்தச் சதவீதக் கணக்கு சரியாயிரும். அதைச் செஞ்சு பாக்கதுக்கு முன்னால, பின்னாடி ஏதாச்சும் ஓடிக்கிட்டிருக்கான்னு பாத்துருவோம். வேற லாகின் இருக்கா?"

"வாப்பாவுக்கு ஒண்ணு போட்டுக் கொடுத்தேன்."

கடவு எண்ணை ரிஃபாத்தே தட்டினாள். திரை திறந்ததும் ஓரத்தில் மணிச் சின்னம் ஒன்று துடித்தது. தவறிய வீடியோ அழைப்புகள். எல்லாம் ஒரே பெயரிலிருந்து, அருண்பாண்டி. எல்லாம் வெள்ளிக்கிழமைகள், இஷா தொழுகை முடிந்து வாப்பா வீட்டுக்கு வரும் நேரம். வைகாசியிலும் வந்திருந்தன. ஆனியிலும் வந்திருந்தன. ஆனிக் கடைசியோடு நின்றுபோயிருந்தன.

அருண்பாண்டி, முத்துக்குமாரசாமி மாமாவின் மகன். சுரண்டைக்காரரான அந்த மாமாவும் வாப்பாவும் தமாமில் ஒரே அறையில் படுத்து எழுந்தவர்கள். ஊர் திரும்பிய மறு வருஷமே மாமாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. மகன் தான் வேலை பார்க்கும் புனேவுக்கு அவரையும் மாமியையும் கூட்டிப் போய்விட்டான். பேச்சில்லாதவரோடு போனில் என்ன பேச? கையும் உதடும் அசைவதைப் பார்க்க வேண்டும். செல்போன் திரையில் வாப்பாவின் கண்ணுக்கு அது பிடிபடாது. அதனால்தான் அந்தப் பெரிய திரை, அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமைகள்.

இதெல்லாம் ரிஃபாத்துக்கு அன்றைக்கும் தெரியும்.

"பின்னாடி எதுவும் ஓடல" என்றாள் வேல்விழி. லேப்டாப்பைக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றினாள். "ஐயோ, இங்கன பாரு."

பேட்டரி, உப்பிய பூரி மாதிரி வீங்கியிருந்தது.

"இது செத்துப் பல மாசம் ஆச்சு ரிஃபா. ஆனா உள்ள இருக்க சிப்பு பழைய கணக்குலயே இருக்கு. ஊருப்பட்ட சார்ஜ் கெடக்குன்னு நெனச்சுக்கிட்டு அறுபது, அம்பதுன்னு காட்டுது. உண்மையில உள்ள ஒண்ணுமே இல்ல. இத இனி ஏத்தி எறக்கவும் கூடாது, ஆபத்து. களத்தி வச்சிடுதேன். திருநெல்வேலில சொல்லி வேற வரவழைக்கணும்."

"ராத்திரி யாராவது பாத்ததுனால தீந்திருக்குமா?"

"யாரு பாத்தாலும் பாக்காட்டாலும் இது இப்படித்தான். நெறைய ஏத்தி வச்சாலும் அரை மணி நேரம் தாங்காது."

கடை வாசலில் நின்று அவள் தோஹாவில் இருந்த அண்ணன் சுஹைபுக்குப் போன் போட்டாள். லேப்டாப் அவன் பழசு. போன வருஷம் லீவில் வந்தபோது கொடுத்துவிட்டுப் போனது.

"காக்கா, அந்த லேப்டாப் உங்க கையில இருக்கப்ப எப்பவாவது திடீர்னு அணைஞ்சிருக்கா?"

"ரெண்டு மூணு தடவ ஆயிருக்கு. பாதி காட்டிக்கிட்டு இருக்கும், பொசுக்குன்னு போயிரும். நான் இங்கன வயர்லயே போட்டு வச்சிருப்பேன், அதனால பெருசா எடுத்துக்கல. ஏன்?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா காக்கா."

"மறந்துட்டேன் மா. என்ன ஆச்சு?"

அவனைத் திட்டினால் கொஞ்சம் ஆறும் என்று ஒரு கணம் தோன்றியது. வாய்வரை வந்துவிட்டது. அப்புறம், "ஒண்ணுமில்ல, பேட்டரி மாத்தணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். அண்ணன் சொல்ல மறந்தது நிஜம்தான். ஆனால் ஹாலில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னது அண்ணன் இல்லை.

*

குற்றாலத்தில் நல்ல கூட்டம். தலை துவட்டாத ஆண்களும் ஈரச் சேலைப் பெண்களும் ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. ஐந்தருவி ரோட்டில் வரிசையாகப் பழக்கடைகள். தார்ப்பாய்க்குக் கீழே, ரம்புட்டான் குவியலுக்குப் பின்னால் வாப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். குல்லாவின் மேல் பிளாஸ்டிக் பை ஒன்றைக் கவிழ்த்திருந்தார்.

மகளைக் கண்டதும் எழுந்தார். "என்னமா? உம்மாவுக்கு ஏதும்...?"

"உம்மா நல்லா இருக்காவ."

"சாப்பிட்டியா? இந்தா, மங்குஸ்தான் நல்லா இருக்கு." ஒன்றை உடைத்து நீட்டினார்.

ரிஃபாத் வாங்கிக்கொண்டாள். சாப்பிடவில்லை. "வாப்பா, லேப்டாப் பேட்டரி கெட்டுப்போயிருக்கு. பல மாசமா. நீங்க பேசுனதுனால இல்ல. சார்ஜ் இருக்கப்பவே அணைஞ்சிருது."

"அப்படியா" என்றார். "சரி பண்ணிரலாம்ல?"

"நான் அத சொல்ல வரல."

"தெரியுது மா." மழைத் தண்ணீர் தேங்கித் தொங்கிய தார்ப்பாயை ஒரு குச்சியால் தூக்கிவிட்டார். தண்ணீர் சரிந்து ரோட்டில் கொட்டியது. "அது பழசாப் போச்சு. விடு."

"விட முடியாது வாப்பா. உங்க லாகின தொறந்தேன். முத்துக்குமாரசாமி மாமா வாரா வாரம் கூப்பிட்டிருக்காவ. இப்பவே கூப்பிடுவோம். என் போன நான் பிடிச்சுக்கிடுதேன். மாமா கைய அசைச்சா என்ன அசைச்சாவன்னு நான் உங்களுக்குச் சொல்லுதேன்."

அவள் போனை எடுத்துவிட்டாள். வாப்பா அவள் கையை மெதுவாகக் கீழே இறக்கினார்.

"வேண்டாம்மா. அவன் போயிட்டான்."

ரிஃபாத்துக்கு முதலில் புரியவில்லை.

"ஆனிக் கடைசியில. சுரண்டையிலிருந்து ஒரு குடும்பம் அருவிக்கு வந்துச்சு. பழம் வாங்கிக்கிட்டே பேச்சோட பேச்சா சொன்னாவ. புனேலருந்து உடம்பக் கொண்டு வந்து, எரிச்சு, எல்லாம் முடிச்சிருக்காவ. இருபது கிலோமீட்டருக்கு இங்கிட்டு நான் பழம் வித்துக்கிட்டு இருந்திருக்கேன்."

"ஏன் வாப்பா வீட்டுல சொல்லல?"

"சொன்னா நீ என்ன செய்வ? இதோ இப்படி நிப்ப."

அவள் அப்படித்தான் நின்றாள். கையிலிருந்த மங்குஸ்தானின் சாயம் விரலெல்லாம் இறங்கியிருந்தது. பக்கத்துக் கடைக்காரன் சத்தம்போட்டு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அழுகை வந்தால் தேவலை போல இருந்தது. வரவில்லை.

"அவிய வீட்டுக்குப் போனியளா?"

"இல்ல. எந்த மொகத்தோட போவேன்? கேட்டா என்ன சொல்ல?" அவர் குரல் இறங்கியது. "நாளைக்கு அருண்பாண்டி அவங்கம்மாவ மறுபடியும் புனேக்கே கூட்டிக்கிட்டுப் போறானாம். அப்புறம் அந்த வீடு பூட்டித்தான் கெடக்கும்."

"அப்பம் இன்னைக்கே போகணும்" என்றாள் ரிஃபாத். "நானும் வாறேன்."

வாப்பா கல்லாவையும் தராசையும் பார்த்தார். அப்புறம் பக்கத்துக் கடைக்காரனிடம், "கொஞ்சம் பாத்துக்க தம்பி" என்று சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் பையைத் தலையிலிருந்து எடுத்தார்.

*

சுரண்டை பஸ்ஸில் வாப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் தூங்கவில்லை என்பது அவருடைய உதட்டசைவில் தெரிந்தது. ரிஃபாத், அங்கே போய்ச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் அது வேறு மாதிரி வந்தது. பேட்டரியில் ஆரம்பித்தால் சாக்குச் சொல்வதுபோல இருந்தது. தன்னில் ஆரம்பித்தால் பேட்டரிவரை போகவே முடியவில்லை.

மாமா வீட்டு முன்கூடத்தில் பெட்டிகள் கட்டிவைக்கப்பட்டிருந்தன. மாமி வடிவம்மாள் நெற்றியில் பொட்டில்லாமல் வந்து நின்றாள். வாப்பாவை அடையாளம் கண்டுகொள்ள அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புருஷனின் சினேகிதரை அவள் பார்த்ததெல்லாம் திரையில்தான்.

"பாய் அண்ணாச்சியா? வாங்க. உள்ள வாங்க."

சுவரில் மாலை போட்ட படம். வாப்பா அதன் முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். உள்ளிருந்து அருண்பாண்டி வந்தான். மொட்டையடித்த தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. "வாங்க மாமா" என்றான். அந்தக் குரலில் வரவேற்பு இல்லை.

வடிவம்மாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு தரையைப் பார்த்தபடியே கேட்டாள். "ஏன் அண்ணாச்சி ஒரு தடவ கூடக் கூப்பிடலிய?"

"மிஷினு ரிப்பேராயிட்டு தங்கச்சி" என்றார் வாப்பா, உடனே. வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்தவர் போல. "பேட்டரி போயிட்டு. அதுல பொழுது போயிட்டு. எம்மேல தப்புதான்."

சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ரிஃபாத்தை அதற்குள் அவர் எங்கேயும் கொண்டுவரவில்லை.

வடிவம்மாள் தலையாட்டினாள். பிறகு ரிஃபாத்தைப் பார்த்தாள். "இதுதான் மகளா? ஏம்மா, ஒனக்கு அந்த வேல கெடச்சுதா?"

ரிஃபாத் திகைத்தாள்.

"கடைசியாப் பேசுனன்னைக்கு உங்க வாப்பா சொன்னாவ, நாளைக்கு எம்மவளுக்கு இண்டர்வியூன்னு. அதுல இருந்து அவிய தெனமும் இப்படிக் கையக் காட்டுவாவ." வடிவம்மாள் இடது கையைத் தூக்கி, விரல்களைத் தட்டச்சு செய்வதுபோல் அசைத்துக் காட்டினாள். "அந்தப் பிள்ளைக்கு வேல கெடச்சிட்டான்னு கேக்காவளாம். எங்களுக்கு என்ன தெரியும்? கெடச்சிருக்கும், கெடச்சிருக்கும்னு சொல்லி வச்சோம்."

வாப்பா, "தங்கச்சி..." என்று குறுக்கே எதையோ சொல்ல வந்தார்.

"வாப்பா, நான் சொல்லுதேன்" என்றாள் ரிஃபாத். "கெடைக்கல மாமி. பாதியில லேப்டாப் அணைஞ்சிட்டு. வாப்பா ராத்திரி மாமாகூடப் பேசுனதுனாலதான்னு நான் ஏசுனேன். மாமாவையும் சேத்துப் பேசினேன். நாலு பேருக்கு முன்னால. அதுக்கப்புறம் வாப்பா அதத் தொடல. பேட்டரிதான் பொய்யாக் காட்டியிருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. கூப்பிடாம இருந்தது வாப்பா இல்ல. கூப்பிட விடாமப் பண்ணது நான்."

அருண்பாண்டிதான் முதலில் பேசினான். சத்தமே போடவில்லை. "வெள்ளிக்கிழமையானா எங்கப்பா சட்டை போட்டுவிடச் சொல்லுவாரு. மத்த நாளு பூரா பனியனோடதான் கெடப்பாரு. எட்டு மணிக்கு முன்னாலயே சாய்ச்சு உக்கார வைக்கணும். ரிங் போயிக்கிட்டே இருக்கும். நான் கட் பண்ணப் போனா கைய விடமாட்டாரு." அவன் வாப்பாவைப் பார்த்தான். "பார்த்துட்டியள்லா மாமா. கெளம்புங்க. நாங்களும் விடிஞ்சா கெளம்பணும்."

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்துவிட்டான்.

வாப்பா மெல்ல எழுந்தார். ரிஃபாத்தும் எழுந்தாள். அவரிடம் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மிச்சமிருந்த ஏதோ ஒன்று போய், தோள் இரண்டும் தொங்கியிருந்தன. தான் சொன்னது சரிதானா, இல்லை தன் மனசு இறங்குவதற்காக இந்த வீட்டில் பாரத்தை ஏற்றிவிட்டோமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"உக்காருங்க அண்ணாச்சி" என்றாள் வடிவம்மாள்.

வாப்பா நின்றார்.

"எனக்கு கலியாணம் ஆகி ஆறாம் மாசம் அங்கன போனாவ. ரெண்டு வருஷத்துக்கொருக்க வருவாவ, ஒரு மாசம் இருப்பாவ. மொத்தமா வந்து சேர்ந்த மறு வருஷம் பேச்சு போயிட்டு." அவள் சேலை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவிய அங்கன என்ன சாப்பிட்டாவ, எப்படிப் படுத்தாவ, எதுக்குச் சிரிப்பாவ, ஒண்ணும் எனக்குத் தெரியாது. உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். கோவமா இருக்கவன் இருக்கட்டும். நீங்க எனக்கு அதச் சொல்லிட்டுப் போங்க."

வாப்பா உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். "தோசைன்னா உசுரு அவனுக்கு" என்று ஆரம்பித்தார். "அங்கன மாவு அரைக்க ஒண்ணும் கெடையாது. எங்கருந்தோ ஒரு மிக்ஸிய வாங்கிட்டு வந்தான். வந்த அன்னைக்கே அத..." அதற்குமேல் போக முடியாமல் நிறுத்தினார். பிறகு மறுபடி ஆரம்பித்தார்.

இந்தக் கதையை ரிஃபாத் கேட்டதே இல்லை. சொல்லுங்கள் என்று அவள் கேட்கவும் இல்லை, ஒருநாளும்.

"ஏம்மா" என்றாள் வடிவம்மாள், அவளிடம் திரும்பி. "அவனும் இதக் கேக்கணும். அவனுக்கும் அவங்கப்பனத் தெரியாது. நான் கூப்பிட்டா வரமாட்டான். நீ போயிக் கூட்டிட்டு வா."

"நானா மாமி?"

"நீதான். நீ கூப்பிட்டாத்தான் சரி."

ரிஃபாத் வாசலுக்கு வந்தாள். தெரு விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. அருண்பாண்டி பஸ் ஸ்டாண்ட் பக்கமாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நின்று நின்று போய்க்கொண்டிருந்தான். அவனை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அண்ணன் என்று கூப்பிட அவளுக்கு இன்றைக்கு என்ன உரிமை இருக்கிறது?

அவன் முனை திரும்பி மறைந்தான். ரிஃபாத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள்.